வராதவருக்கும் வந்தவருக்கும் நடுவில் முதலாளி எங்கே நிற்கிறார்?

கேள்வி: பரந்தனில் இருந்து ஒரு கடைக்காரர்
9 ஜனவரி 2026

பரந்தன் சந்திக்குக் கிட்ட ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன். ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். கிழமையில் ஒரு நாளாவது யாராவது ஒருவர் வரமாட்டார். காலமை ஏழரைக்குப் போன் வரும், "அண்ணை, இண்டைக்கு வரேலாது" என்று. சில நேரம் அதுவும் வராது. சீமெந்து லொறி வந்து வாசலில் நிற்கும், இறக்க ஆள் இருக்காது. வன்னியில் வேலை இல்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள், வேலை கொடுத்தால் ஒழுங்காக வருகிறார்கள் இல்லை. இனி வராத ஒரு நாளுக்கு இரண்டு நாள் சம்பளம் வெட்டலாம் என்று இருக்கிறேன். மனைவி அது பாவம் என்கிறா. யார் பக்கம் நியாயம்?

10 ஜனவரி, இரவு

மனைவி பக்கம். ஒரு நாள் வராதவரிடம் இரண்டு நாள் சம்பளம் எடுத்தால், மற்ற நாள் அவர் உங்களுக்குச் சும்மா வேலை செய்கிறார்.

நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷினில் தொடங்கி லைன் சுப்பர்வைசர் வரை இருந்தவள். இப்போது ஒரு அரிசி ஆலையில் கணக்கும் ஆட்களின் வரவும் பார்க்கிறேன். இரண்டு இடத்திலும் விடிந்தால் முதல் வேலை யார் வரவில்லை என்று பார்ப்பதுதான். அதனால் இதைப் பற்றிப் பேச எனக்கு நிறைய இருக்கிறது.

முதலில் கணக்கு. கடையில் வேலை செய்பவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் இருக்கிறது. முதல் வருடத்தைத் தாண்டியவருக்கு வருடாந்த லீவு 14 நாள், தற்செயல் லீவு 7 நாள். இரண்டும் சம்பளத்தோடு. ஆளுக்கு 21 என்றால் ஐந்து பேருக்கு 105 நாள். கடை வருடத்தில் 300 நாள் திறக்கிறது என்று வைத்தால், மூன்று நாளில் ஒரு நாள் யாரோ ஒருவர் இல்லாமல்தான் இருப்பார். ஒருவரும் ஏமாற்றாமல், சட்டம் கொடுத்ததை மட்டும் எடுத்தால் வருகிற கணக்கு இது. நீங்கள் சொல்வது கிழமைக்கு ஒரு நாள். அதாவது உங்கள் ஆட்கள் தங்களுக்கு உரிய லீவில் பாதியைத்தான் எடுக்கிறார்கள்.

இதை அவர்களுக்கு யாராவது சொன்னதுண்டா? லீவு மீதம் எவ்வளவு என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறீர்களா? மீதம் இருக்கும்போது ஒரு நாள் சம்பளம் வெட்டுவதே பிழை. இரண்டு நாளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

11 ஜனவரி

"கணக்குச் சரி, லொறிக்கு யார் பதில் சொல்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. முதலாளிக்கு நட்டம் இல்லை என்று நான் சொல்லவில்லை.

எங்கள் ஆலையில் புழுங்கல் அரிசிக்கு நெல்லை முதல் நாளே தொட்டியில் ஊறப் போடுகிறோம். அடுத்த நாள் அவிக்கிற ஆள் வராவிட்டால் அந்த நெல் காத்துக்கொண்டு இருக்காது. புளிக்கத் தொடங்கும், மணம் பிடிக்கும், பிறகு என்ன அவித்தாலும் அரிசியில் அந்த மணம் நிற்கும். அவித்ததைக் களத்தில் பரவ ஆள் இல்லாவிட்டால் குவியலுக்குள் சூடு ஏறிவிடும். ஒருவர் வராததால் எத்தனை மூடை வீணாகும் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அதற்காகத்தான் எங்கள் முதலாளி இன்னொருவருக்கும் பொய்லர் பழக்கி வைத்தார். அவருக்குக் கொஞ்சம் கூடச் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுக்கிறார். ஊற வைத்த நெல்லின் ஆபத்து முதலாளியின் தொழில் ஆபத்து. அதை நாட்சம்பளக்காரரின் தலையில் கட்டினால் இலாபத்திலும் அவருக்குப் பங்கு கொடுக்க வேண்டும்.

13 ஜனவரி

முள்ளியவளையில் இருந்து ஒரு தம்பி எழுதியிருப்பது என் மனதில் பட்டது. அவர் மருந்துக்கடை ஒன்றில் வேலை. "நான் லீவே எடுப்பதில்லை அக்கா. அதனாலேயே மற்ற எல்லாருடைய வேலையும் என் தலையில். அவர்கள் வராத நாளுக்கும் அவர்களுக்குச் சம்பளம், நான் இரண்டு பேரின் வேலை செய்த நாளுக்கும் எனக்கு ஒரு சம்பளம். முதலாளியைக் குறை சொல்கிறீர்கள், எனக்கு அவர்களில்தான் கோபம்."

தம்பி, இந்தக் கோபம் எனக்கு நன்றாகத் தெரியும். தொழிற்சாலையில் நான் தினமும் பார்த்தது இதுதான்.

ஒரு லைனில் இருபது, இருபத்தைந்து மெஷின் வரிசையாக இருக்கும். ஒருவர் கொலர் வைப்பார், அடுத்தவர் கை பூட்டுவார், அடுத்தவர் ஓவர்லொக். துணி கையில் இருந்து கைக்குப் போகும். நடுவில் ஒரு மெஷினுக்கு ஆள் இல்லாவிட்டால் அதற்கு முன்னால் பண்டில் பண்டிலாகக் குவியும், பின்னால் இருப்பவர் வெறுங்கையோடு இருப்பார். இதற்காகவே ஜம்பர் என்று சிலரை வைத்திருப்பார்கள். எல்லா மெஷினும் தெரிந்தவர்கள். எந்த இடம் காலியோ அங்கே போய் இருப்பார்கள். ஒருவர் வராத நாளில் ஒரு ஜம்பர் போதும். மூன்று பேர் வராத நாளில் போதாது. ஆனால் அன்றைய டார்கெட்டை மட்டும் ஒருவரும் குறைக்கமாட்டார்கள். டார்கெட் பிடிக்காவிட்டால் முழு லைனுக்கும் இன்சென்டிவ் போய்விடும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். மாலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்தப் பிள்ளைகள் யாரைத் திட்டுவார்கள்? மூன்றாவது ஜம்பரைப் போடாத மனேஜரையா? இல்லை. வராமல் விட்டவளைத்தான். "அவளாலதான் எங்கட காசு போச்சு." அடுத்த நாள் அவள் வந்தால் சாப்பாட்டு மேசையில் ஒருவரும் பேசமாட்டார்கள். மேலே இருந்து வந்திருக்க வேண்டிய தீர்வு வராததால், பக்கத்தில் இருப்பவளில் கோபம் இறங்கியது. லைன் சுப்பர்வைசராக நான் நடுவில் நின்று இதைப் பார்த்தேன், ஜம்பர் கேட்டு மேலே போய்க் கதைத்தும் பார்த்தேன். ஆள் கணக்கு மேலிடத்தில் முடிந்துவிட்டது என்பார்கள்.

உங்கள் கடையிலும் அதே கதைதான். உங்களோடு வேலை செய்கிறவர் லீவு எடுத்தது உங்களுக்குச் செய்த அநியாயம் இல்லை. அவருடைய வேலையை உங்களிடம் சும்மா தள்ளியவர் முதலாளி.

14 ஜனவரி

நாளைக்குப் பொங்கல். ஆலை இரண்டு நாள் பூட்டு. எல்லாரும் ஒரே நேரம் இல்லாமல் போவதைப் பற்றி ஒரு முதலாளியும் கவலைப்படுவதில்லை, பார்த்தீர்களா. முன்கூட்டியே தெரியும் என்பதால்.

18 ஜனவரி

மேலே 105 நாள் கணக்கை வைத்து, "அப்படியென்றால் ஆறாவது ஆளைப் போடச் சொல்கிறீர்களா, கட்டுமா?" என்று கடைக்கார அண்ணை கேட்கிறார்.

கணக்குப் பார்ப்போம். 2026 ஜனவரியில் இருந்து சட்டப்படி ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா, நாள் 1,200. 105 நாளுக்கு 1,26,000. ஆனால் சீமெந்து இறக்க இந்தக் காசுக்கு நாளாந்தம் ஒருவரும் வரமாட்டார்கள் என்று நீங்கள் உடனே சொல்வீர்கள், அதுவும் சரி. 2,500 என்றே வையுங்கள். வருடத்துக்கு 2,62,500. மாதத்துக்கு 22,000 ரூபாவுக்குச் சற்றுக் குறைவு. அதுவும் எல்லாரும் தங்கள் லீவு முழுவதையும் எடுத்தால். இப்போது எடுக்கிற அளவுக்குப் பார்த்தால் அதில் பாதி. லொறி இறக்காமல் நிற்கும் நாளில் டிரைவருக்குக் கொடுக்கிற காத்திருப்புக் காசு, திரும்பிப் போகிற மேசன், அவர் அடுத்த முறை கிளிநொச்சிக் கடைக்குப் போவது, இதையெல்லாம் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.

முழுநேர ஆள் வேண்டாம். கூப்பிட்டால் வரக்கூடிய ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். கூப்பிடுகிற நாளுக்கு நல்ல கூலி கொடுங்கள். பக்கத்துக் கடைக்கும் ஆள் தேவைப்படும். இரண்டு மூன்று கடை சேர்ந்தால் அவருக்கும் கிழமையில் நாலு நாள் வேலை வரும்.

22 ஜனவரி

வரவுக்குக் கொடுக்கிற காசு பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். அட்டெண்டன்ஸ் அலவன்ஸ். மாதம் முழுக்க வந்தால் சில ஆயிரம் ரூபா கூட. ஒரு நாள் வராவிட்டால் முழுவதும் போய்விடும். சில இடங்களில் பாதி போகும், ஆனால் முழுவதும் போவதுதான் வழக்கம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வருகிறவருக்குப் பரிசு. ஆனால் ஒரு லைனில் இது என்ன செய்யும் என்று சொல்கிறேன்.

மாதக் கடைசியில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். அலவன்ஸ் போய்விடும் என்று வந்துவிட்டாள். எல்லாரும் வியர்த்துக்கொண்டு இருக்க அவள் மட்டும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஃபேனைத் திருப்பி விடச் சொல்லிக் கேட்டாள். கண் சிவந்து தண்ணீர் வடிந்தது. நேராகப் போகவேண்டிய தையல் பாம்பு மாதிரிப் போனது. அன்று அவள் தைத்த பண்டில் அத்தனையும் தரம் பார்க்கிற மேசையில் இருந்து திரும்பி வந்தது. அதைப் பிரிக்க இன்னொரு பிள்ளை, கையில் சின்னக் கத்தரிக்கோலோடு, அடுத்த நாள் மத்தியானம் வரை. அந்தக் கிழமை அவளைச் சுற்றி இருந்த மெஷின்களிலும் காய்ச்சல். ஒரு நாள் வீட்டில் படுத்திருந்தால் ஒரு ஜம்பரோடு முடிந்திருக்கும்.

மற்றப் பக்கமும் இருக்கிறது. மாதம் மூன்றாம் திகதி பிள்ளைக்குச் சுகமில்லாமல் ஒரு நாள் நின்றுவிட்டால் அந்த மாத அலவன்ஸ் போயிற்று. பிறகு மிச்ச நாளில் வருவதற்கு அந்தக் காசால் ஒரு இழுப்பும் இல்லை. "போனது போயிட்டுது, இன்னும் ரெண்டு நாள் நிப்பம்" என்று நிற்கிறார்கள். ஆட்களை வர வைக்கப் போட்ட காசு ஆட்களை நிற்க வைக்கிறது.

ஆலையில் நாங்கள் அதைக் கிழமையாகப் பிரித்தோம். ஒவ்வொரு கிழமையும் தனிக் கணக்கு. இந்தக் கிழமை போனாலும் வருகிற கிழமைக் காசு பத்திரமாக இருக்கும். அப்புறம், சட்டப்படி உள்ள லீவையும் மருத்துவ லீவையும் வராத நாளாக எண்ணுவதில்லை. இதற்கு முதலாளியைச் சம்மதிக்க வைக்க எனக்கு நாள் எடுத்தது. வரவுக் கொப்பியின் பழைய பக்கங்களைக் காட்டித்தான் சம்மதிக்க வைத்தேன்.

23 ஜனவரி

நேற்று எழுதியதோடு ஒன்று. சம்பளம் இல்லாத லீவு, நோ பே, ஒரு நாளோடு முடிவதில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்.) ஊழியரின் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளியின் 3 வீதமும் உழைத்த சம்பளத்தில்தான் கணக்கு. நோ பே போட்டால் அவையும் அந்த அளவுக்குக் குறையும். சேமிப்பு என்று வேறு ஒன்றும் இல்லாத பெண்களுக்கு இது பெரிய விஷயம். நோ பே போடுகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

26 ஜனவரி

காரணம் கேட்பது பற்றி.

லீவுப் படிவத்தில் "காரணம்" என்று ஒரு பெட்டி இருக்கும். வன்னியில் அந்தப் பெட்டி எல்லாருக்கும் போதாது.

எங்கள் ஆலையில் மூடை தூக்குகிற ஒரு அண்ணைக்கு முதுகில், எலும்புக்குக் கிட்ட, பீஸ், அதாவது எறிகணைத் துண்டு, இருக்கிறது. 2009இல் பட்டது. எடுத்தால் கால் போகலாம் என்று டொக்டர்மார் அதை அப்படியே விட்டுவிட்டார்கள். மாரியில் குளிர் ஏறினால் அவரால் குனிய முடியாது. அந்த நாளில் மெடிக்கல் சான்றிதழ் கொண்டு வா என்றால் அவர் எங்கே போவார்? தனியார் டொக்டரிடம் காசு கொடுத்து ஒரு துண்டு வாங்கலாம். டொக்டர் புதிதாக எதையும் சொல்லப் போவதில்லை, பழைய எக்ஸ்ரே வீட்டில் இருக்கிறது. முந்தி இருந்த கணக்குப்பிள்ளை ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறார். அவர் கேட்கக் கேட்க இந்த அண்ணை போன் எடுப்பதையே விட்டுவிட்டார், சும்மா வராமல் நின்றார். "சொல்லாமல் நிற்கிற ஆள்" என்று பெயர் வாங்கினார். இப்போது நான் கேட்பது ஒன்றுதான்: "அண்ணை, இண்டைக்குத் தராசடியில இருப்பீங்களோ, இல்லாட்டி வீட்டில நிக்கிறீங்களோ?" பாதி நாள் தராசுக்கு வந்துவிடுகிறார்.

இன்னொன்று. ஒரு தம்பி ஒரே வருடத்தில் மூன்று முறை அம்மம்மாவின் செத்த வீடு என்று லீவு கேட்டான். முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. ஒருவனுக்கு எத்தனை அம்மம்மா? நான் விசாரித்துப் பார்த்தேன். தாய் கடைசிச் சண்டையில் போய்விட்டா. தாயின் தாயும் அவருடைய இரண்டு சகோதரிகளும் சேர்ந்துதான் அவனை வளர்த்தார்கள். மெனிக் பாம் அகதி முகாமில் சாப்பாட்டு வரிசையில் மாறி மாறி அவனைத் தூக்கிக்கொண்டு நின்றவர்கள். மூவரும் வயதானவர்கள், ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். நெருங்கிய உறவின் சாவுக்குத்தான் லீவு என்று எழுதி வைக்கிறார்கள். இங்கே பாதிப் பிள்ளைகளை வளர்த்தது சித்தி, மாமி, பெரியம்மா. செத்த வீட்டுக்கு மூன்று நாள், பிறகு எட்டு, பிறகு முப்பத்தொன்று. அவன்தான் கொள்ளி வைத்தவன் என்றால் அத்தனைக்கும் அவன் நிற்க வேண்டும்.

ஏமாற்றுகிறவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை சம்பளம் எடுத்துவிட்டுத் திங்கள் வரமாட்டார்கள், செவ்வாய் கண் சிவந்து வருவார்கள். கொப்பியைப் பார்த்தால் அது தானாகத் தெரியும், திங்கள் திங்களாகக் கோடு விழும். அவரைக் கூப்பிட்டுத் தனியாகக் கதைக்க வேண்டும். அவர் ஒருவருக்காக எல்லாரிடமும் துண்டு கேட்பது சரியில்லை.

30 ஜனவரி

வவுனியாவில் இருந்து ஒருவர்: "நீங்கள் சொல்வது சம்பளக்காரர் பக்கம் மட்டும்."

இல்லை. சொல்லாமல் நிற்பதை நான் பொறுப்பதில்லை. போன் இல்லாத வீடு இப்போது குறைவு. காலமை ஆறு மணிக்குச் சொன்னால் மற்றவரைக் கூப்பிட எனக்கு ஒரு மணித்தியாலம் கிடைக்கும். சொல்லாமல் விட்டால் வந்தவர்கள்தான் மூடை தூக்குவார்கள். சொல்வது முதலாளிக்குக் காட்டுகிற மரியாதை என்று பலர் நினைக்கிறார்கள். பக்கத்தில் நின்று வேலை செய்கிறவருக்குத்தான் அது முதலில் தேவை.

ஆனால் போன் எடுத்துச் சொன்னவரை, சொன்னதற்காகவே ஐந்து நிமிடம் பேசி விட்டால் அடுத்த முறை அவர் சொல்லமாட்டார். இதை எத்தனையோ முதலாளிமார் தாங்களே பழக்கி விடுகிறார்கள்.

3 பெப்ரவரி

அறுவடை தொடங்கிவிட்டது. இப்போது ஆலையில் பாதிப் பேர் இல்லை.

இதைத் தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். மாரி மழையோடு விளைகிற காலபோக நெல்லை வெட்டுகிற மெஷின் ஒரு ஊருக்கு வந்தால் வரிசையாக வெட்டிக்கொண்டு போகும். இரவு ஒன்பது மணிக்குப் போன் வரும், "காலமை உங்கட வயல்". வராவிட்டால் மெஷின் அடுத்தவரின் வயலுக்குப் போய்விடும், பிறகு எப்போது திரும்பும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். இடையில் ஒரு மழை பெய்தால் நெல் சரிந்துவிடும். ஒரு கிழமைக்கு முதல் எழுத்தில் லீவு கேட்க வேண்டும் என்ற விதி இந்தக் காலத்தில் ஒருவருக்கும் உதவாது. இந்த முறை போன நவம்பர் தித்வா புயல் வெள்ளத்தில் அழிந்தது போக மிஞ்சியதை வெட்டுகிறார்கள். அதை விட்டுவிட்டு ஆலைக்கு வா என்று எந்த வாயால் சொல்வது?

எங்கள் முதலாளிக்கும் வயல் இருக்கிறது. அவரும் இரண்டு நாளாக ஆலைப் பக்கம் வரவில்லை. அவர் வராததைக் கொப்பியில் ஒருவரும் எழுதுவதில்லை.

7 பெப்ரவரி

வெள்ளத்தைப் பற்றி எழுதியதும் பலர் கேட்கிறார்கள், வெள்ளத்தில் வராத நாள் யார் கணக்கில்?

2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பிக் கதவுகள் திறந்தபோதும் இந்தச் சண்டை வந்தது. போன நவம்பர் கடைசியிலும் வந்தது. பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகிற ஏ35 பாதையில் பாலம் உடைந்தது எல்லாருக்கும் தெரியும். டிசம்பரில் இந்திய இராணுவப் பொறியியலாளர்கள் 120 அடி பெய்லி பாலம் போட்டுக் கொடுக்கும் வரை விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கம் இருந்து கிளிநொச்சிக்கு வேலைக்கு வருகிறவர்கள் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. ஒரு இடத்தில் அந்த நாட்களை எல்லாம் நோ பே போட்டார்கள். "வேலைத்தளம் திறந்துதான் இருந்தது" என்றார்கள். திறந்துதான் இருந்தது. வருவதற்குப் பாதை இல்லை. அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர், புத்தகம், அரிசி, தையல் மெஷின் எல்லாம் போயிற்று. அந்த மாதம்தான் காசு அவர்களுக்கு ஆகத் தேவைப்பட்ட மாதம்.

இன்னொரு கடையில், பெயர் தேவையில்லை, முதலாளி ஒரு வேலை செய்தார். வெள்ள நாட்களில் பாதியைத் தானே ஏற்றார், மற்றப் பாதியை அடுத்த வருட லீவில் கழித்தார். எல்லாரிடமும் முன்னாலேயே கேட்டுத்தான் செய்தார். ஒருவரும் வேலையை விட்டுப் போகவில்லை. எனக்கு அந்தப் பாதிக் கணக்கு முழுக்கச் சரியாகப் படவில்லை, முழுவதையும் அவரே ஏற்றிருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அவருடைய கடைக்குள்ளும் தண்ணீர் நின்றது என்று கேள்விப்பட்டேன். கேட்டுச் செய்தார் என்பதுதான் எனக்கு இப்போது பெரிதாகப் படுகிறது.

11 பெப்ரவரி

நெடுங்கேணி அக்கா ஒருவரின் கேள்வி: இரண்டு கிழமை மகளோடு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டு வந்தேன், இனி வர வேண்டாம் என்கிறார்கள், இது செய்யலாமா?

அக்கா, முதலில் அங்கே எத்தனை பேர் வேலை என்று பாருங்கள். 15 பேர் அல்லது அதற்கு மேல் என்றால் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல், உங்கள் எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் நிறுத்த முடியாது. அவர்கள் "தானாக வேலையை விட்டுப் போனார்" என்று எழுதப் பார்ப்பார்கள். அதனால் நீங்கள் உடனே ஒரு கடிதம் எழுதுங்கள்: இன்ன திகதியில் இருந்து இன்ன திகதி வரை மகளோடு ஆஸ்பத்திரியில் இருந்தேன், வேலையை விடவில்லை, வேலைக்கு வரத் தயார். கிளினிக் கொப்பியின் பிரதியும் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். பிறகு மாவட்டத் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள்.

15 பேருக்குக் குறைந்த இடம் என்றால் அந்தச் சட்டம் கைகொடுக்காது. வன்னியில் பாதிக் கடைகள் அப்படித்தான். அங்கே நிறுத்தினால் தொழில் நியாய சபைக்குப் போகலாம், ஆனால் அதற்கு முதல் முதலாளியின் மனம்தான் பெரிது. அதனால்தான் நான் இங்கே கடைக்கார அண்ணையோடு இவ்வளவு நேரம் கதைத்துக்கொண்டு இருக்கிறேன்.

12 பெப்ரவரி

மேலே உள்ளதோடு சேர்த்து: பிரசவ லீவை யாரும் "நீண்ட நாள் வராமை" என்று எண்ண முடியாது. 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள். முந்தி மூன்றாவது பிள்ளைக்கு 42 நாள்தான். இன்னும் பழைய கணக்கிலேயே பேசுகிற இடங்கள் இருக்கின்றன.

20 பெப்ரவரி

இன்று எங்கள் ஆலையில் நெல் புடைக்கிற ஒரு அம்மா வரவில்லை. 2017ஆம் ஆண்டு இதே திகதியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டம் தொடங்கினார்கள். ஒன்பது வருடம். அவர் மகனின் படத்தோடு அங்கே போயிருக்கிறார். இந்த நாளைக் கலண்டரில் நானே முதல் மாதத்திலேயே வட்டமிட்டு வைத்துவிடுவேன். அவர் என்னிடம் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கடைசிச் சண்டையில் செத்தவர்களை நினைக்கிற மே 18உம் அப்படித்தான். தொழிற்சாலையில் இருந்த காலத்தில் அந்த நாளுக்கு வயிற்று வலி, பல் வலி, சொந்த அலுவல் என்று எழுதிக் கொடுத்துவிட்டு முள்ளிவாய்க்காலுக்குப் போவார்கள். உண்மையை எழுதப் பயம். லைன் பாதி காலி. அடுத்த நாள் கூட்டம் போட்டு ஏசுவார்கள். ஒரே ஒரு மனேஜர் மட்டும் ஏப்ரலிலேயே வந்து, "அந்த நாள் யார் யாருக்கு வேணும்? அதுக்குப் பதிலா ஒரு சனிக்கிழமை வாறீங்களோ?" என்று கேட்டார். காரணம் கேட்கவில்லை. அந்த வருடம் லீவு எடுத்த அத்தனை பேரும் சனிக்கிழமை வந்தார்கள். வருடா வருடம் வருகிற நாளுக்கு ஆள் இல்லை என்று திகைப்பதற்கு என்ன இருக்கிறது?

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கும் இதையேதான் சொல்வேன்.

24 பெப்ரவரி

"அரசாங்க வேலைக்காரருக்கு வருடத்தில் 45 நாள் லீவு, எங்களுக்கு 21. முதலில் அதைக் கேளுங்கள்" என்று முள்ளியவளைத் தம்பி. கேட்க வேண்டியதுதான். வன்னியில் எல்லாத் தாய்மாரும் பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம் கேட்டு நேர்த்தி வைப்பதற்குச் சம்பளத்தை விட இந்த லீவும் ஒரு காரணம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வேலை போகாது என்ற நிம்மதி. அந்த நிம்மதியைக் கொடுக்கிற கடைக்கு ஆட்கள் ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். எங்கள் ஆலையில் ஆட்கள் மாறுவது இப்போது குறைவு. லீவே எடுக்காதது பொய்லர்தான் என்று பெடியள் பகிடி விடுவார்கள், அதுவும் போன மாதம் இரண்டு நாள் படுத்துவிட்டது.

தம்பி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலாளியிடம் போய் மற்றவர்களின் லீவைக் குறைக்கச் சொல்லாதீர்கள். ஆள் குறைந்த நாளில் கூடச் செய்த வேலைக்குக் காசு கேளுங்கள். நாங்கள் ஆலையில் அப்படித்தான் செய்கிறோம்: ஒருவர் வராமல் மாற்று ஆளும் கிடைக்காவிட்டால், அவருடைய வேலையைப் பிரித்துச் செய்தவர்களுக்கு அன்றைய கூலியில் ஒரு பங்கு. இது வந்த பிறகு வராதவரைத் திட்டுகிற சத்தம் எங்கள் களத்தில் அநேகமாக நின்றுவிட்டது. அப்புறம், நீங்களும் உங்கள் லீவை எடுங்கள். எடுக்காமல் விட்ட லீவுக்கு ஒருவரும் மாலை போடப் போவதில்லை.

2 மார்ச்

கடைக்கார அண்ணை எழுதியிருக்கிறார். பக்கத்து இரும்புக் கடையும் டயர்க் கடையும் சேர்ந்து ஒரு பெடியனைப் பேசியிருக்கிறார்களாம், போன கிழமை இரண்டு நாள் தன்னிடம் வந்தானாம். லீவுக் கொப்பி ஒன்றும் போட்டுவிட்டாராம். இரண்டு நாள் வெட்டுகிற கதையைக் கைவிட்டுவிட்டார். மனைவிக்குச் சந்தோஷமாம். எனக்கும்.

அவர் கேட்கிறார்: அந்தப் பெடியன் நாட்கூலிதானே, அவனுக்கு ஈ.பி.எஃப். வேண்டுமா?

வேண்டும், அண்ணை. தற்காலிக ஆளுக்கும் நாட்கூலி ஆளுக்கும் முதல் நாளில் இருந்தே உண்டு. மூன்று கடையும் தங்களிடம் வேலை செய்த நாளுக்குத் தாங்கள் தாங்கள் கொடுத்த கூலியில் கட்ட வேண்டும். அவனிடம் அடையாள அட்டை இலக்கத்தை வாங்கி, இந்த மாதமே பதிந்துவிடுங்கள். கூலி கொடுக்கும்போது ஒரு சின்னத் துண்டில் திகதியும் தொகையும் எழுதி அவன் கையிலும் ஒன்று கொடுங்கள்.